அடிச்சதுக்கு எவ்வளவு, ஏன் அடிச்சாங்கங்கிறதுக்கு எவ்வளவு?

ஆடியோவா ஏற்கெனவே கேட்டவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். ரெக்கார்டிங்ல ரெண்டு இடத்துல சட்டப் பிரிவு எண்ணை மாத்திச் சொல்லிட்டேன். இந்த எழுத்து வடிவத்துல சரி பண்ணியிருக்கேன், நடுவுல வந்த குக்கர் விசில் சத்தத்தையும் எடுத்தாச்சு.

விஷயத்துக்கு வர்றேன். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலையில ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படியில உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் கூட்டம் விட்டுட்டுப் போன வாடின பூ, காதோலை, கருகமணி எல்லாம் படியோரம் ஒதுங்கிக் கிடந்தது. அப்போ காலேஜ் ஃபிரெண்ட் ஒருத்தன்கிட்ட இருந்து போன். பேரைச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டான், அதனால சொல்லல. முசிறி தாண்டி ஒரு கிராமம். நாலு வருஷம் என் பக்கத்து பெஞ்ச், இப்போ சென்னையில என்னை மாதிரியே கோடு எழுதுற வேலை. லீவுக்கு ஊருக்குப் போயிருந்தான். புது பைக்கை டீக்கடை முன்னாடி நிறுத்தியிருக்கான். "வண்டிய எடுடா"ன்னு நாலு பேர். ஏன்னு கேட்டிருக்கான். இடது மணிக்கட்டு உடைஞ்சு அரசு ஆஸ்பத்திரியில மாவுக்கட்டோட படுத்துக்கிட்டுத்தான் எனக்கு போன் பண்றான்.

நான் சொன்ன முதல் வாக்கியம் இது: "பார்க்கிங் சண்டைதானேடா? விடு, கை சரியாகட்டும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டான்: "மச்சான், அடிச்சதுக்கு எவ்வளவு வருஷம் குடுப்பாங்க? ஏன் அடிச்சாங்கங்கிறதுக்கு எவ்வளவு வருஷம் குடுப்பாங்க?"

அவன் பட்டியல் சாதி. அடிச்ச நாலு பேரும் இல்ல. அடிக்கும்போது அவங்க சொன்ன வார்த்தைகள்ல பைக்கைப் பத்தி ஒண்ணும் இல்ல. ஆனா எஃப்.ஐ.ஆர்.ல இருக்கிற வரி, "வாகனம் நிறுத்துவது தொடர்பாக ஏற்பட்ட தகராறில்". வலியில படிக்காமலே கையெழுத்து போட்டிருக்கான். போலீஸ் எழுதின அதே வரியைத்தான் நானும் படியில உட்கார்ந்துக்கிட்டு அவன்கிட்ட சொல்லியிருக்கேன். ஸ்ரீரங்கத்துல வளர்ந்த என்கிட்ட யாரும் சாதி கேட்டதில்லன்னு ரொம்ப நாளா ஒரு பெருமை இருந்தது. எங்க தெருப் பேரைச் சொன்னாலே யாருக்கும் கேட்க வேண்டிய தேவை இருந்ததில்லங்கிறது ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது.

அவன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல. அடுத்த சில வாரம் தீர்ப்புகளைப் படிச்சேன். திருச்சி கோர்ட்ல பிராக்டிஸ் பண்ற, எங்க ஏரியா வக்கீல் அண்ணன் ஒருத்தரை டீ வாங்கிக் குடுத்தே டார்ச்சர் பண்ணினேன். அதுல தேறினதுதான் இந்த எபிசோட்.

முதல்ல அடிப்படை. கிரிமினல் சட்டத்துல "தெரிஞ்சு செஞ்சியா"ங்கிறது ஒரு கேள்வி, "எதுக்காகச் செஞ்ச"ங்கிறது வேற கேள்வி. குற்றவாளியா இல்லையான்னு முடிவு பண்ண முதல் கேள்வி போதும். பசிக்குத் திருடினாலும் பந்தாவுக்குத் திருடினாலும் திருட்டுதான். ரெண்டாவது கேள்வி, அதாவது மோட்டிவ், பெரும்பாலும் தண்டனை அளவைப் பேசும்போதுதான் முக்கியமாகுது. செஷன்ஸ் வழக்குல குற்றவாளின்னு தீர்ப்பான பிறகு தண்டனைக்குன்னு தனியா ஒரு விசாரணை உண்டு. முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 235-வது பிரிவு, இப்போ புதுச் சட்டத்துல 258. அங்க வயசு, குடும்பம், பழைய வழக்குன்னு எல்லாத்தையும் பேசலாம். ஆனா சாதி வெறி, இன வெறி இருந்தா இத்தனை வருஷம் கூட்டணும்னு சொல்ற வழிகாட்டு அட்டவணை எதுவும் நம்ம நாட்டுல இல்ல. மரண தண்டனை விஷயத்துல மட்டும் 1983-ல் மச்சி சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. தனிப்பட்ட பகை எதுவும் இல்லாம, பட்டியல் சாதியையோ சிறுபான்மைச் சமூகத்தையோ சேர்ந்த ஒருத்தரை, சமூகமே கொதிக்கிற மாதிரி சூழல்ல கொல்றதை மிகக் கொடிய வகைகள்ல ஒண்ணா சேர்த்தது. அந்த ரொம்ப உயரமான படிக்குக் கீழ இருக்கிற வழக்குகளுக்கு அப்படி ஒரு கோடு கிடையாது.

வெளிநாட்டுல எப்படின்னு பார்த்துட்டு வந்துடலாம், ஏன்னா அங்க இருந்து பார்த்தா நம்ம சட்டத்தோட வடிவம் இன்னும் தெளிவாத் தெரியுது.

2017 பிப்ரவரி 22, அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலம், ஓலேத்தா. கார்மின் கம்பெனி எஞ்சினியர் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா, ஹைதராபாத்துக்காரர், வேலை முடிச்சு நண்பரோட ஒரு பார்ல உட்கார்ந்திருந்தார். நாட்டை விட்டு வெளியே போகச் சொல்லிக் கத்தின ஒருத்தன் அவரைச் சுட்டுக் கொன்னான். ஆன்சைட் போக விசாவுக்குக் காத்திருந்த நம்ம ஆளுங்க வாட்ஸ்அப் குரூப் எல்லாம் அன்னைக்கு எப்படி இருந்ததுன்னு ஞாபகம் இருக்கும். 2018 மே மாசம் கன்சாஸ் மாநில நீதிமன்றம் கொலைக்காக ஆயுள் தண்டனை குடுத்தது, 50 வருஷத்துக்குப் பரோல் கிடையாது. ஆகஸ்ட்ல ஃபெடரல் நீதிமன்றம் அதே சம்பவத்தை வெறுப்புக் குற்றமா எடுத்து, ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா மூணு ஆயுள் தண்டனை குடுத்தது. ஒரு ஆளுக்கு மூணு ஆயுள் எதுக்குன்னு சிரிக்கத் தோணலாம். சுட்டதுக்கான கணக்கும், எதுக்காகச் சுட்டான்ங்கிறதுக்கான கணக்கும் அங்க தனித்தனியா எழுதப்பட்டிருக்குன்னு நான் எடுத்துக்கிட்டேன்.

இங்கிலாந்து இதை இன்னும் வெளிப்படையா, கிட்டத்தட்ட ரேட் கார்டு மாதிரி செஞ்சிருக்கு. 1993 ஏப்ரல்ல லண்டன்ல ஸ்டீஃபன் லாரன்ஸ்னு 18 வயசு கறுப்பின மாணவனை பஸ் ஸ்டாப்ல வெச்சு ஒரு வெள்ளைக்காரக் கும்பல் குத்திக் கொன்னது. போலீஸ் விசாரணை சொதப்பலா போச்சு, அது நாட்டையே உலுக்கிச்சு. 1998-ல் வந்த சட்டத்துல, குற்றத்துல இன வெறி சேர்ந்தா உச்ச தண்டனை எவ்வளவு ஏறும்னு எழுதியே வெச்சுட்டாங்க. சாதாரணத் தாக்குதலுக்கு 6 மாசம்னா, இன வெறியோட செஞ்சா 2 வருஷம். உடம்புல காயம் ஏற்படுத்தினா 5 வருஷம், இன வெறியோட செஞ்சா 7. கொலைக்கு இன வெறி காரணம்னா, குறைந்தபட்சம் உள்ளே இருக்க வேண்டிய காலத்தைக் கணக்குப் போட நீதிபதி 30 வருஷத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும். இன வெறி இருந்ததால தண்டனையைக் கூட்டியிருக்கேன்னு திறந்த நீதிமன்றத்துல சொல்லவும் செய்யணும்.

வேடிக்கை என்னன்னா, லாரன்ஸைக் கொன்ன ரெண்டு பேருக்கு 2012-ல் தண்டனை கிடைச்சப்போ இந்த 30 வருஷக் கணக்கு பொருந்தல. குற்றம் நடந்தது 1993, அப்போ ரெண்டு பேருமே 18 வயசுக்குக் கீழ. கேரி டாப்ஸனுக்குக் குறைந்தபட்சம் 15 வருஷம் 2 மாசம், டேவிட் நோரிஸுக்கு 14 வருஷம் 3 மாசம். யாரோட சாவு சட்டத்தை மாத்த வெச்சதோ, அவரோட வழக்குக்கே புதுச் சட்டத்தோட முழு எடை கிடைக்கல. குற்றம் நடந்த தேதியில இருந்த சட்டம்தான் தண்டனைக்கு அளவு. இதை மனசுல வெச்சுக்கோங்க, நம்ம ஊர் கதையில திரும்ப வரும்.

அந்த 1998 சட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற இடம். இன வெறியை நிரூபிக்க ரெண்டு வழி குடுக்குது. ஒண்ணு, குற்றத்துக்குத் தூண்டுதலே இன வெறி, முழுசாவோ ஒரு பகுதியாவோ. இன்னொண்ணு, குற்றம் செய்யும்போதோ, அதுக்குச் சற்று முன்னாடி பின்னாடியோ அந்த வெறுப்பை வெளியில காட்டினது. அதாவது மனசைத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்ல, வாயில வந்த வார்த்தையே போதும். கூடவே வேற காரணம் ஒண்ணு இருந்ததுங்கிறது தப்பிக்க வழி ஆகாதுன்னும் எழுதியிருக்காங்க. பைக், காசு, வாய்க்கால் வரப்பு, எதுவா இருந்தாலும்.

இப்போ நம்ம நாடு. 2014 ஜனவரியில டெல்லி லாஜ்பத் நகர்ல அருணாச்சலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவை, முடியைக் கிண்டல் பண்ணி ஆரம்பிச்ச தகராறுல அடிச்சாங்க, அவர் இறந்துட்டார். அதுக்கப்புறம் மத்திய அரசு அமைச்ச பெஸ்பருவா கமிட்டி, இன அடிப்படையிலான இழிவுக்கும் வன்முறைக்கும் இந்திய தண்டனைச் சட்டத்துல புதுப் பிரிவுகள் சேர்க்கச் சொன்னது. அந்தப் பிரிவுகள் சேரவே இல்ல. 2024 ஜூலை 1-ல பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தப்போதான் முதல்முறையா பொதுக் குற்றச் சட்டத்துல இந்த வகை காரணம் இடம் பிடிச்சது. 103-வது பிரிவோட ரெண்டாவது உட்பிரிவு: இனம், சாதி அல்லது சமூகம், பாலினம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற அடிப்படையில அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்து கொன்னா, ஒவ்வொருத்தருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள். மதம்ங்கிற வார்த்தை நேரடியா பட்டியல்ல இல்லங்கிறதையும் கவனிங்க.

படிச்சப்போ சூப்பர்னு நினைச்சேன். அப்புறம் முதல் உட்பிரிவைப் படிச்சேன். சாதாரணக் கொலைக்கு என்ன தண்டனை? மரண தண்டனை அல்லது ஆயுள். அதேதான்! கொடுங்காயத்துக்கான 117-லயும் இதே கதை. காரணம் எதுவுமே இல்லாம ஒருத்தன் கையை உடைச்சா 7 வருஷம் வரை. அஞ்சு பேர் சேர்ந்து சாதி வெறியில உடைச்சாலும் 7 வருஷம் வரை. நான் எழுதின கோட்ல இஃப், எல்ஸ் ரெண்டுமே ஒரே மதிப்பைத் திருப்பி அனுப்பினா, ரிவ்யூல கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க.

வக்கீல் அண்ணன்கிட்ட இதைச் சொன்னப்போ சிரிச்சார். "தம்பி, அது வருஷத்தைக் கூட்டப் போட்ட பிரிவு இல்ல. கும்பல்ல யார் குத்தினது யார் புடிச்சதுன்னு பிரிக்காம எல்லாரையும் பிடிக்கப் போட்டது." சரிதான், அந்தப் பயன் இருக்கு. ஆனா என் ஃபிரெண்டை அடிச்சது நாலு பேர். அஞ்சு இல்ல.

அதனால சாதிங்கிற காரணத்துக்குத் தண்டனை அளவுல உண்மையிலேயே எடை வைக்கிற சட்டம் ஒண்ணே ஒண்ணுதான்: 1989-ம் வருஷத்து பட்டியல் சாதிகள், பட்டியல் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இது இங்கிலாந்து மாதிரி இல்ல, இதுக்கு ஒரு தனி வடிவம் இருக்கு.

அந்தச் சட்டத்துல ரெண்டு வகை வேலை நடக்குது. முதல் வகை, சில செயல்களையே குற்றமா பேர் சொல்லி எழுதியிருக்கு. பொது இடத்துல சாதிப் பேரைச் சொல்லித் திட்டுறது, நிலத்தைப் பிடுங்குறது, தண்ணியை அசுத்தப்படுத்துறதுன்னு பட்டியல் போகும். இதுக்கு 6 மாசத்துல இருந்து 5 வருஷம். 1989-ல் எழுதின அந்தப் பட்டியலோட முதல் வரி, உண்ணத் தகாத அருவருப்பான பொருளைத் தின்ன வைக்கிறது. இப்படியெல்லாம் யார் செய்வாங்க, சட்டம் எழுதினவங்க எதுக்கு இதை முதல்ல வெச்சாங்கன்னு தோணும்.

2002 மே மாசம். நம்ம திருச்சி மாவட்டம், லால்குடி பக்கம் திண்ணியம் கிராமம். தொகுப்பு வீடு ஒதுக்கித் தர்றதுக்குன்னு குடுத்த 2,000 ரூபாயைத் திருப்பிக் கேட்ட விவகாரத்துல, ரெண்டு தலித் ஆண்களுக்குச் சூடு போட்டு, காய்ஞ்ச மலத்தை ஒருத்தருக்கு ஒருத்தர் ஊட்ட வெச்சாங்க. அப்போ எனக்கு நாலஞ்சு வயசு. ஸ்ரீரங்கத்துல இருந்து ரொம்ப தூரம்கூட இல்ல, கொள்ளிடம் பாலம் தாண்டி பஸ்ல போயிடலாம். அந்த ஊர்ப் பேரை நான் முதன்முதலா கேட்டது இந்த எபிசோடுக்குப் படிக்கும்போதுதான்.

இந்தச் சம்பவத்தை இங்க எடுத்தது ஒரே ஒரு கேள்விக்காக. இது காசுத் தகராறா, சாதியா? 2,000 ரூபாய் பிரச்சினை உண்மை. அதே காசை அதே மாதிரி வேற சாதிக்காரர் ஒருத்தர் திருப்பிக் கேட்டிருந்தா வாக்குவாதம் வந்திருக்கும், ஒருவேளை ரெண்டு அடிகூட விழுந்திருக்கும். மலம் வந்திருக்காது. சண்டை ஏன் வந்ததுங்கிறதுக்குக் காசு பதில் சொல்லுது. தண்டனை ஏன் அந்த வடிவத்துல வந்ததுங்கிறதுக்குச் சாதிதான் பதில் சொல்லுது. என் ஃபிரெண்டோட பைக்கும் அப்படித்தான்.

ரெண்டாவது வகைதான் இன்னைக்கு நமக்கு முக்கியம். 3-வது பிரிவு, உட்பிரிவு 2, அதுல அஞ்சாவது கூறு. பொதுச் சட்டத்துல 10 வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள ஒரு குற்றத்தை, பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத ஒருத்தர், பாதிக்கப்பட்டவர் அந்தச் சமூகத்தவர் "என்ற காரணத்தால்" செஞ்சா, நேரா ஆயுள் தண்டனை. இங்கிலாந்துல கொலை வழக்குல நீதிபதி தண்டனை சொல்ற கட்டத்துல எடுத்துக்கிற விஷயத்தை, நம்ம சட்டம் குற்றத்துக்குள்ளேயே வெச்சுடுச்சு. அதனால ஆரம்பத்துல இருந்தே அரசுத் தரப்பு அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும். நிரூபிச்சா ஆயுள். நிரூபிக்கலைன்னா அந்தப் பிரிவு மொத்தமா விழுந்துடும்.

"என்ற காரணத்தால்"னா எவ்வளவு காரணம்? பல வருஷமா நிறைய தீர்ப்புகள் இதை "அந்த ஒரே காரணத்தால்"ங்கிற மாதிரி படிச்சாங்க. அப்படிப் படிச்சா எந்த வழக்கும் தேறாது, ஏன்னா உலகத்துல எந்தக் குற்றமும் ஒரே காரணத்துக்காக நடக்கிறதில்ல. காமம் இருக்கும், காசு இருக்கும், குடி இருக்கும். வெறும் சாதி மட்டும் தூய வடிவத்துல லேப்லகூட கிடைக்காது.

2021 ஏப்ரல் 27-ல படான் ஜமால் வாலி வழக்குல உச்ச நீதிமன்றம் இந்த முடிச்சை அவிழ்த்தது. ஆந்திராவுல 2011-ல் பார்வையில்லாத ஒரு பட்டியல் சாதிப் பெண்ணுக்கு நடந்த பாலியல் வன்கொடுமை. நீதிபதி சந்திரசூட் எழுதின தீர்ப்பு, பெண், பார்வையின்மை, சாதி மூணும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி எப்படி ஒருத்தரைப் பலவீனமான இடத்துல நிறுத்துதுன்னு விரிவா பேசுது. சாதி ஒரே காரணமா இருக்க வேண்டியதில்ல, காரணங்கள்ல ஒண்ணா இருந்தாலே போதும்னு சொல்லுது. நேரம் இருந்தா அதைப் படிங்க, பாடப் புத்தகம் மாதிரி இருக்கும்.

ஆனா அந்த வழக்கோட முடிவு? பாலியல் வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனை உறுதியாச்சு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல குடுத்த தண்டனை ரத்தாச்சு! சாதியும் ஒரு காரணம்னு காட்டத் தனியா ஒரு ஆதாரமும் அரசுத் தரப்பு கொண்டு வரலைன்னு காரணம் சொன்னாங்க. முதல்முறை படிச்சப்போ எனக்குக் கோபம் வந்தது. ரெண்டாவது முறை படிச்சப்போ கோபம் நீதிபதிகள்கிட்ட இருந்து நகர்ந்து, விசாரணை பண்ணினவங்க மேல போச்சு. அதைப் பத்தின கேள்வியே சாட்சிகள்கிட்ட சரியா கேட்கப்படல. சர்வர் கிராஷ் ஆன அன்னைக்கு லாக் எழுதலைன்னா, பத்து வருஷம் கழிச்சு எவ்வளவு பெரிய ஆர்க்கிடெக்டைக் கூட்டிட்டு வந்தாலும் காரணம் கிடைக்காது.

அதுக்கு நேர்மாறா ஒரு தமிழ்நாட்டு வழக்கு. 2015 ஜூன், சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ். நம்மளை மாதிரி எஞ்சினியரிங் முடிச்சவர், தலித். வேற சாதியைச் சேர்ந்த ஒரு பெண்ணோட திருச்செங்கோடு கோயில்ல பேசிக்கிட்டிருந்தவரைக் கடத்திட்டுப் போனாங்க. ரயில் தண்டவாளத்துல உடல் கிடைச்சது. முதல்ல தற்கொலை மாதிரி பேச்சு ஓடுச்சு. ஆனா கோயில் சிசிடிவி பதிவு இருந்தது, அவரை மிரட்டிப் பேச வெச்ச வீடியோ இருந்தது, முக்கியக் குற்றவாளி யுவராஜ் ஒரு சாதி அமைப்போட தலைவரா இருந்தார். 2022 மார்ச்ல மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள்னு சொல்லி, யுவராஜுக்குச் சாகும் வரை சிறைன்னு ஆயுள் தண்டனை குடுத்தது. 2023 ஜூன்ல உயர் நீதிமன்றம் அவரோட தண்டனையை உறுதி செஞ்சது. அதுக்கு முன்னாடி நீதிபதிகளே திருச்செங்கோடு போய்க் கோயிலையும் தண்டவாளத்தையும் நேர்ல பார்த்தாங்க. முக்கிய சாட்சி பிறழ் சாட்சியா மாறின வழக்கு அது. சாதிதான் காரணம்ங்கிறது அங்க யாரோட வாய்மொழியையும் நம்பி நிக்கல.

இந்த ரெண்டு குற்றமும் 2016 ஜனவரி 26-க்கு முந்தினது. அன்னைக்குத்தான் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. "என்ற காரணத்தால்"ங்கிற வார்த்தை போய், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடின்னு "தெரிந்தே"ங்கிற வார்த்தை வந்தது. கூடவே, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேர்ல தெரியும்னா, சாதியும் தெரியும்னு நீதிமன்றம் அனுமானிக்கும். தெரியாதுன்னு அவர்தான் நிரூபிக்கணும். ஸ்டீஃபன் லாரன்ஸ் கதை இங்க திரும்ப வருது: குற்றம் 2011-ல் நடந்ததால படான் ஜமால் வாலி வழக்குக்கு இந்தத் திருத்தத்தோட பலன் கிடைக்கல.

இந்தத் திருத்தம் சரியா? என் அபிப்பிராயம் கொஞ்சம் கலவையானது. "ஏன்"ங்கிற கேள்வியை எடுத்துட்டு "தெரியுமா"ங்கிற கேள்வியை வெச்சது நிரூபிக்க ரொம்ப சுலபம். நம்ம கிராமங்கள்ல தெருவே சாதிச் சான்றிதழ்தான், யாருக்கும் தெரியாம இருக்க வாய்ப்பே இல்ல. ஆனா கண்டிப்பா சொல்லணும்னா, தெரியும்ங்கிறதும் அதனால செஞ்சான்ங்கிறதும் ஒண்ணு இல்ல. அப்படியும் நான் திருத்தத்தோட பக்கம்தான் நிப்பேன். பழைய வார்த்தை எத்தனை பேரைத் தப்ப விட்டதுன்னு தீர்ப்புகளைப் படிச்சவங்களுக்குத் தெரியும்.

இங்க ஒருத்தர் கண்டிப்பா கமெண்ட் போடுவீங்க: மனசுல இருக்கிற எண்ணத்துக்குத் தண்டனை குடுக்கலாமா? நியாயமான கேள்வி. 1993-ல் விஸ்கான்சின் எதிர் மிட்செல் வழக்குல அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு இதேதான் போச்சு. மிட்செல் ஒரு கறுப்பின இளைஞன், அவன் தூண்டிவிட்டு அடிபட்டது 14 வயசு வெள்ளைக்காரப் பையன். சாதாரணமா உச்சம் 2 வருஷம், இன அடிப்படையில ஆளைத் தேர்ந்தெடுத்ததால உச்சம் 7 ஆச்சு, அவனுக்குக் கிடைச்சது 4. நீதிபதிகள் எல்லாரும் ஒரே குரல்ல அது செல்லும்னாங்க. நீ என்ன வேணா நினைச்சுக்கோ, அந்த நினைப்பை வெச்சு அடிக்க ஆளைத் தேர்ந்தெடுத்தா அந்தத் தேர்வு செயலோட பகுதிங்கிறது சாரம். இன்னொண்ணும் கவனிங்க, அந்தச் சட்டம் ரெண்டு பக்கமும் வெட்டும். நம்ம வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஒரு பக்கம்தான் வெட்டும், தெரிஞ்சேதான் அப்படி எழுதியிருக்காங்க. டீக்கடையில இரட்டை டம்ளர் ரெண்டு பக்கமும் இருந்ததா என்ன?

சரி, என் ஃபிரெண்டோட மணிக்கட்டு. மறுபடி போன் பண்ணினப்போ அவன்கிட்ட சொன்னதை அப்படியே சொல்றேன்.

எலும்பு முறிவு கொடுங்காயம், உச்சம் 7 வருஷம். 10 வருஷக் கோட்டைத் தாண்டாததால அந்த "நேரா ஆயுள்" கூறு வராது. சின்னக் குற்றங்களுக்கு 2016-ல் சேர்த்த இன்னொரு கூறு வரும், ஆனா அதுல தண்டனை பொதுச் சட்டத்துல இருக்கிறதேதான். அதாவது, ஏன் அடிச்சாங்கங்கிறதுக்காக மணிக்கட்டுக் கணக்குல ஒரு வருஷம்கூட கூடாது. சாதி சொல்லித் திட்டினது தனிக் குற்றம், 6 மாசத்துல இருந்து 5 வருஷம். அதுக்கு மத்தவங்க பார்வைக்குப் படுற இடத்துல நடந்திருக்கணும். 2020-ல் ஹிதேஷ் வர்மா வழக்குல, வீட்டு நாலு சுவருக்குள்ள வெளியாள் யாரும் இல்லாதப்போ சொன்னது இதுல வராதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. டீக்கடை வாசல்னா பிரச்சினை இல்ல.

"அவ்வளவுதானா?"ன்னான்.

அவ்வளவுதான் இல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எஃப்.ஐ.ஆர்.ல ஏறினா வழியே மாறுது. விசாரிக்க டி.எஸ்.பி. ரேங்க்குக்குக் குறையாத அதிகாரி. சிறப்பு நீதிமன்றம். முன்ஜாமீன் சாதாரணமா கிடைக்காது. அரசு இழப்பீடு உண்டு. பெரிய மனுஷங்க நாலு பேர் ஸ்டேஷன்ல உட்கார்ந்து "சின்னப் பசங்க, கை குடுத்துக்கோங்கப்பா"ன்னு முடிக்க முடியாது. தண்டனைக் கட்டத்துல ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, இதை யாரும் அதிகமா பேசுறதில்ல. 19-வது பிரிவு. முதல் தடவை தப்பு பண்ணினவன், நல்ல குடும்பத்துப் பையன்னு சொல்லி நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிட்டு வெளியே விடுற சலுகை, 18 வயசு தாண்டின யாருக்கும் இந்தச் சட்டத்துல கிடையாது. அடிச்ச நாலு பேருக்கும் வயசு இருபதுக்கு மேல.

தீர்ப்பு வந்த பிறகும் கதை முடியறதில்லங்கிறதையும் சொன்னேன். 1997-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோட சேர்த்து அஞ்சு தலித்துகளையும் வெட்டிக் கொன்ன வழக்குல 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைச்சது. அதுல 13 பேரை 2019 நவம்பர்ல தமிழ்நாடு அரசு முன்கூட்டியே விடுதலை பண்ணுச்சு. நீதிமன்றம் ஏத்தின எடையை வெளியில இருந்து ஒரு அரசாணை இறக்கிடலாம்.

அவன் அதுக்கு ஒண்ணும் சொல்லல. "இப்போ நான் என்ன பண்ணணும்?"னு மட்டும் கேட்டான்.

வக்கீல் அண்ணனைப் போன்ல சேர்த்துவிட்டேன். அவர் ரெண்டு நிமிஷத்துல முடிச்சார். "தம்பி, முதல் எஃப்.ஐ.ஆர்.ல விட்டுப்போச்சுன்னு வழக்கு செத்துடாது. எஸ்.பி. ஆபீஸுக்கு எழுத்துல மனு குடுங்க, சாதிச் சான்றிதழ் நகலை இணைச்சிடுங்க. மாஜிஸ்திரேட் முன்னாடி வாக்குமூலம் குடுக்கணும்னு கேளுங்க, 183-வது பிரிவு. அதுல அசிங்கமா இருக்குன்னு வார்த்தையை முழுங்காதீங்க. அவங்க என்ன சொன்னாங்களோ அதை அப்படியே சொல்லணும். 'தகாத வார்த்தைகளால் திட்டினார்கள்'னு யாராவது சுருக்கி எழுத வந்தா விடாதீங்க. டீக்கடைக்காரர் பேர், பெஞ்ச்ல யார் யார் இருந்தாங்க, எல்லாம் சொல்லுங்க."

அன்னைக்கு ராத்திரி அவன் எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினான். அவங்க சொன்னது எல்லாம், சொன்ன வரிசையில. வாக்குமூலத்துக்கு முன்னாடி ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கிறேன்னான். 1 நிமிஷம் 40 செகண்ட். அதுல பைக்ங்கிற வார்த்தை ஒரே ஒரு தடவை, ஆரம்பத்துல வருது. இந்த எபிசோட்ல அதைப் போடலாமான்னு கேட்டேன். வேண்டாம், அது கோர்ட்டுக்குன்னு சொல்லிட்டான். மனு குடுத்தாச்சு. கட்டைப் பிரிச்சாச்சு, ஆனா இடது கையால இன்னும் ஷிஃப்ட் கீயை அழுத்த முடியல. வாக்குமூலத்துக்கான தேதி அடுத்த மாசம்.